காதால் நடித்தவர்

ஸ்ரீவித்யாவின் கண்களைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. திருவனந்தபுரத்தில் இன்றும் அவர் பெயரை எடுத்தால் எதிரில் இருப்பவர் வாயிலிருந்து வரும் அடுத்த சொல் கண்ணாகத்தான் இருக்கும். அழகான கண்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர் நடிப்பில் பாதியைத் தவறவிட்டார்கள் என்பது என் கட்சி. அவர் முதலில் கேட்பார். கேட்டது உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் கண் அசையும். அந்த இடைவெளியில்தான் அவருடைய கலை முழுவதும் இருந்தது.

‘தளபதி’யை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்ற குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிட்ட கல்யாணி, பிற்பாடு ஒரு நல்ல மனிதரின் மனைவியாக, ஒரு கலெக்டரின் தாயாக மரியாதையோடு வாழ்கிறாள். எங்கோ ரயில் கூவுகிறது. வசனம் இல்லை, அழுகை இல்லை. ஸ்ரீவித்யாவின் முகத்தில் ஒரு தசை நின்றுபோகிறது, அவ்வளவுதான். அந்தக் கூவலை அவர் ஏதோ ஒரு சத்தமாகக் கேட்பதில்லை. இத்தனை வருடங்களாக, ஒவ்வொரு வண்டி போகும்போதும் இப்படித்தான் கேட்டிருக்கிறாள் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. மணிரத்னம் அந்தத் தாயின் கடந்த காலத்தைச் சொல்ல எத்தனையோ காட்சிகள் எடுத்திருக்கலாம். எடுக்கத் தேவைப்படாதபடி ஒருவர் கேட்டுக்கொடுத்துவிட்டார்.

திரையில் கேட்பது எளிதென்று நினைக்கிறோம். பெரும்பாலான நடிகர்கள், எதிராளி பேசும்போது தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள்; அதிலும் தேர்ந்தவர்கள், கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள். ஸ்ரீவித்யா செய்தது கச்சேரியில் பக்க வயலின் வாசிப்பவர் செய்வது. பாடகர் ஆலாபனையை எங்கே கொண்டுபோகிறார் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு பிடியையும் காதில் வாங்கி, அடுத்த நொடியில் அதன் நிழலைத் தன் வில்லில் தர வேண்டும். முந்தினால் அபசாரம், பிந்தினால் வெறுமை.

இதை அவர் எங்கே கற்றார் என்று அதிகம் தேட வேண்டாம். அம்மா எம்.எல்.வசந்தகுமாரி. ஜி.என்.பாலசுப்ரமணியத்தின் சிஷ்யை, 1977-ல் சங்கீத கலாநிதி. அப்பா ‘விகடம்’ கிருஷ்ணமூர்த்தி, தமிழ்ப் படங்களில் நகைச்சுவை நடிகர். 1953-ல் சென்னையில் பிறந்த பெண் குழந்தைக்கு வீட்டுக்குள்ளேயே ராகமும் நையாண்டியும் கிடைத்தன. அருகில் வசித்தவர்கள் லலிதா, பத்மினி, ராகினி. திருவனந்தபுரம் பூஜப்புரையிலிருந்து சென்னைக்குப் போய் நாட்டியத்தால் தென்னாட்டையே கலக்கிய திருவிதாங்கூர் சகோதரிகள். ஸ்ரீவித்யாவும் நாட்டியம் கற்றார். 1967-ல் ‘திருவருட்செல்வர்’ படத்தில் சிறுமியாக வந்தார். 1969-ல் மலையாள ‘சட்டம்பிக்கவல’யில் சத்யனுக்கு ஜோடி. பதினாறு வயதுப் பெண், ஐம்பத்தேழு வயது நாயகன். நம் சினிமாவின் கணக்கு அன்றும் இன்றும் ஒன்றுதான். அதை இங்கே கிளறப் போவதில்லை.

பாலசந்தர்தான் அந்தக் காதை முதலில் கண்டுகொண்டவர் என்று நினைக்கிறேன். ‘நூற்றுக்கு நூறு’, ‘வெள்ளி விழா’, ‘சொல்லத்தான் நினைக்கிறேன்’ என்று வரிசையாகக் கொடுத்துவிட்டு 1975-ல் ‘அபூர்வ ராகங்க’ளில் கர்நாடக சங்கீதப் பாடகி பைரவி ஆக்கினார். வாணி ஜெயராமுக்கு அந்தப் படம் தேசிய விருதை வாங்கித் தந்தது. அந்தக் குரலுக்கு வாயசைத்தவரை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பாடத் தெரியாதவர்கள் வாயசைத்தால் உதடு சரியாக இருக்கும், தொண்டை பொய் சொல்லும். மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஸ்ரீவித்யாவின் கழுத்தைப் பாருங்கள். சங்கதிக்கு முன் மூச்சு வந்து நிற்கிறது. தொடையில் விழும் தாளம் அலங்காரத்துக்கு விழவில்லை, கணக்குக்கு விழுகிறது. தாயும் மகளும் பாட்டாலேயே பேசிக்கொள்ளும் கடைசிக் கச்சேரியில், மகள் குரல் வரும்போது பைரவி பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். கோபம், ஏக்கம், ஒரு வித்வான் இன்னொருவரைக் கேட்கும்போது வரும் தொழில்முறைக் கவனம் மூன்றும் ஒரே முகத்தில். மூன்றாவதை நடித்துக் கொண்டுவர முடியாது என்றே தோன்றுகிறது. அது வீட்டிலிருந்து வந்தது.

அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. மகளாக நடித்த ஜெயசுதா அவரைவிட ஐந்து வயதுதான் இளையவர். விட்டுப்போன கணவனாகக் கதவைத் திறந்துகொண்டு வந்த புது நடிகர் ரஜினிகாந்த், பதினாறு ஆண்டுகள் கழித்து ‘தளபதி’யில் அவருக்கு மகன். ரஜினி அவரைவிட இரண்டரை வயது மூத்தவர். அவரைக் காதலித்த பிரசன்னாவாக வந்த கமல்ஹாசன், 1989-ல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் இரட்டைப் பிள்ளைகள். முப்பத்தெட்டு வயதுக்குள் இரண்டு பெரிய நட்சத்திரங்களுக்கும் அம்மா ஆகிவிட்ட பெண்ணைப் பார்த்து ரசிகன் என்ன செய்வது? எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்த அம்மாக்களை எடுத்துவிட்டால் நாம் இழப்பதும் அதிகம். கமலின் அப்பு தூக்குக் கயிற்றை எடுத்த பிறகு தாய் அவனிடம் தகப்பன் கதையைச் சொல்லும் இடம் ஒன்று போதும். கமலின் குள்ள உருவம் தொழில்நுட்ப விந்தை என்று நாம் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிரில் இருந்தவர் அதை விந்தையாகப் பார்க்கவே இல்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உருவத்தை நாம் நம்பியதில் பாதிப் பங்கு அவருடையது.

தமிழில் அவருக்குக் கிடைத்தது இவ்வளவே என்றால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது. மலையாளம் அவரை வேறு மாதிரி நடத்தியது. எழுபதுகளின் கடைசியிலிருந்து மலையாள சினிமா சென்னை ஸ்டுடியோக்களை விட்டு மெல்லத் தன் ஊருக்கு நகர்ந்தது. நேமத்தில் சுப்பிரமணியத்தின் மெரிலாண்ட் ஏற்கனவே இருந்தது; திருவல்லத்தில் அரசின் சித்ராஞ்சலி வந்தது. சென்னைப் பெண் அந்த ஓட்டத்தோடு தெற்கே வந்து எங்கள் திருவனந்தபுரத்துக்காரர் ஆனார். பத்மினிமார் போன வழியில் எதிர்த்திசைப் பயணம். இங்கே கரமனையிலும் கோட்டைக்குள்ளும் சாலைத் தெருவிலும் தலைமுறைகளாகத் தமிழ் பேசிக்கொண்டிருக்கும் எங்களுக்கு, அவர் வந்தது ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்து குடியேறியது போலத்தான் இருந்தது. மலையாளிகளுக்கோ அவர் வெளியூர்க்காரராகத் தோன்றவே இல்லை. இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடிய நடிகர்கள் குறைவு.

1979-ல் ‘இடவழியிலெ பூச்ச மிண்டாப்பூச்ச’, ‘ஜீவிதம் ஒரு கானம்’ படங்களுக்காக முதல் முறையாகக் கேரள மாநில அரசின் சிறந்த நடிகை விருது. 1983-ல் ‘ரசனா’வுக்கு இரண்டாவது. 1992-ல் ‘தைவத்தின்டெ விக்ருதிகள்’ படத்துக்கு மூன்றாவது. விருதுப் பட்டியலை இத்தோடு விட்டுவிடுகிறேன். ‘ரசனா’வுக்கு மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டும்.

மோகன் இயக்கிய படம். பரத் கோபி எழுத்தாளர். புது நாவலுக்கு அனுபவம் வேண்டும் அவருக்கு. மனைவி சாரதாவிடம் ஒரு விளையாட்டுச் சொல்கிறார்: உன்னோடு பழகும் அந்த அப்பாவி மனிதனிடம் காதலிப்பதுபோல் நடி, அவன் என்ன செய்கிறான் என்று எனக்கு வந்து சொல். அந்த அப்பாவி நெடுமுடி வேணு. விளையாட்டு ஒருவர் உயிரில் போய் முடிகிறது.

இந்தப் பாத்திரத்தில் ஸ்ரீவித்யா நடிக்கவேண்டியது என்ன என்று யோசியுங்கள். நடிக்கத் தெரியாத ஒரு குடும்பப் பெண் நடிப்பதை நடிக்க வேண்டும். முதலில் அந்த நடிப்பு கொஞ்சம் மோசமாக இருக்க வேண்டும். நமக்குப் பொய்யாகவும் வேணுவுக்கு மெய்யாகவும் தெரிய வேண்டும். பிறகு, எந்த இடத்தில் என்று சொல்ல முடியாதபடி, பொய் கெட்டிப்பட ஆரம்பிக்க வேண்டும். அவர் அதைச் செய்யும் வழியைக் கவனித்தால், பேசும் இடங்களில் அதிக மாற்றம் வைக்கவில்லை. வேணு பேசும்போது கேட்கும் முறையைத்தான் மாற்றிக்கொண்டே போகிறார். ஆரம்பத்தில், வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொல்வதற்காகக் கேட்கிறாள். கண் ஒரு குறிப்பேடு மாதிரி வாங்கிக்கொள்கிறது. பாதி வழியில் குறிப்பெடுப்பது நின்றுபோகிறது. அந்த ஆளின் தயக்கத்தையும் கூச்சத்தையும் மெய்யாகவே கேட்க ஆரம்பித்துவிட்டாள். கணவனிடம் சொல்லும் காட்சிகளில் இப்போது எதையோ விட்டுவிட்டுச் சொல்கிறாள் என்று நமக்குத் தெரிகிறது, கோபிக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தில் கோபி எழுத்தாளர். கதையை உண்மையில் எழுதிக்கொண்டிருந்தவர் சாரதாதான்.

கோபியும் வேணுவும் நாடக மேடையில் உரம் ஏறியவர்கள். கோபிக்கு ஜி.சங்கரப்பிள்ளையின் பள்ளி, வேணுவுக்குக் காவாலம் நாராயணப் பணிக்கரின் பள்ளி. இருவருக்கும் நடுவே நிற்பது லேசான காரியமில்லை. ஒருவர் அமைதியால் காட்சியைத் தன் பக்கம் இழுப்பார், மற்றவர் அசைவால் இழுப்பார். நாடகப் பயிற்சி இல்லாத, சென்னை வணிக சினிமாவில் பாட்டும் நடனமுமாக வளர்ந்த ஒருவர் இழுப்புக்கே போகாமல் நின்றார். இருவரும் தங்கள் வித்தையைக் காட்டுவதற்கு அவர் முகம் தேவைப்பட்டது. இது தாழ்ந்த இடம் என்று யாராவது சொன்னால், நல்ல பக்கவாத்தியம் இல்லாத கச்சேரியை ஒரு தரம் கேட்டுவிட்டு வரச் சொல்வேன்.

இயக்குநர் கே.ஜி.ஜார்ஜ் இதற்கு நேர்மாறான காரியம் செய்தார். ‘ஆதாமின்டெ வாரியெல்லு’வில் பணக்கார வீட்டின் ஆலீஸ். கணவனும் கேட்பதில்லை, மகளும் கேட்பதில்லை. கேட்பாரற்ற பெண்ணாக ஸ்ரீவித்யாவை வைத்தார். 1984-ல் ‘பஞ்சவடிப்பாலம்’. ஊருக்குத் தேவையில்லாத ஒரு பாலத்துக்காகப் பஞ்சாயத்தே கூத்தாடும் அங்கதம். அதில் பஞ்சாயத்துத் தலைவர் துச்சாசனக் குறுப்பின் மனைவி மண்டோதரி இவர். முகஸ்துதியை மட்டும் கேட்கத் தெரிந்த காது! பதவி கணவனுக்கு, மிடுக்கு மனைவிக்கு. நம் ஊர்க் கவுன்சிலர் வீடுகளில் இன்றும் இந்த அம்மாளைப் பார்க்கலாம். சோகத்துக்கே நேர்ந்துவிட்டவர் என்று ஸ்ரீவித்யாவை நினைப்பவர்கள் இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள். அப்பா ‘விகடம்’ கிருஷ்ணமூர்த்தி என்பது அங்கேதான் எனக்கு நினைவுக்கு வரும்.

‘தைவத்தின்டெ விக்ருதிகள்’ எம்.முகுந்தனின் நாவலை வைத்து லெனின் ராஜேந்திரன் எடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் மய்யழி என்ற ஊரை விட்டுப் போக மனமில்லாத மந்திரவாதி அல்போன்ஸாக ரகுவரன். அவர் மனைவி மேகியாக ஸ்ரீவித்யா. கணவன் வெறுங்கையிலிருந்து எதை வேண்டுமானாலும் வரவழைப்பான், வீட்டுக்கு அரிசி மட்டும் வராது. அவனுடைய பெருமைப் பேச்சை மேகி கேட்கும் விதத்தில் காதலும் சலிப்பும் சரிபாதி. ரகுவரனுக்கு இவ்வளவு நல்ல பாத்திரத்தைத் தமிழ் கொடுத்ததா என்று தெரியவில்லை. ஸ்ரீவித்யா போய் ஒன்றரை ஆண்டில், 2008 மார்ச்சில், நாற்பத்தொன்பது வயதில் அவரும் போய்விட்டார். இன்று அந்தப் படத்தை இரண்டு பேருக்குமாகச் சேர்த்துத்தான் பார்க்க முடிகிறது.

மலையாளத்து அம்மாக்கள் என்றால் மூன்று பேர். கவியூர் பொன்னம்மா, கே.பி.ஏ.சி.லலிதா, ஸ்ரீவித்யா. பொன்னம்மாவின் தாய் பிள்ளை எது செய்தாலும் மன்னித்துவிடுவாள். சோறு போட்டுவிட்டுத்தான் என்ன நடந்தது என்று கேட்பாள். லலிதாவின் தாய் முதலில் நாலு வார்த்தை திட்டுவாள், திட்டிலேயே பாசம் வந்துவிடும். ஸ்ரீவித்யாவின் தாய்க்குப் பிள்ளைக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருந்தது. சொல்லாத ஏதோ ஒன்று அவளிடம் இருக்கும். ஃபாசிலின் ‘என்டெ சூர்யபுத்ரிக்கு’ படத்தில் அது கதையாகவே வந்தது. தமிழில் ‘கற்பூர முல்லை’. அமலா யாருக்கும் சொல்லப்படாத மகள், ஸ்ரீவித்யா புகழ்பெற்ற பாடகி. படம் வந்தது 1991-ல், எம்.எல்.வி. இறந்தது அதற்கு முந்திய ஆண்டு. பாடகியான ஒரு தாயின் முன் மகள் நின்று உரிமை கேட்கும் கதையில், தாயின் இடத்தில் எம்.எல்.வி.யின் மகள். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

‘பவித்ரம்’ 1994. வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில், நடுவயதைத் தாண்டிய தாய் கர்ப்பமாகிறாள். மகன்கள் ஸ்ரீனிவாசனும் மோகன்லாலும். ஸ்ரீனிவாசன் அவரைவிட மூன்று வயது சின்னவர் என்பதையெல்லாம் படம் ஓடத் தொடங்கியதும் மறந்துவிடுகிறோம். எளிதில் கேலியாகவோ உபதேசமாகவோ போயிருக்கக்கூடிய கதை. ஸ்ரீவித்யா வெட்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. வெட்கத்துக்கு அடியில் ஒரு சின்னக் கர்வமும் ஆசையும் இருக்கின்றன, அவற்றை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். அடுத்த அறையில் மகன்களும் மருமகளும் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு முகத்தைக் கொடுத்தபடியே வீட்டுவேலை செய்கிறார். படத்தின் நடுவிலேயே அந்தத் தாய் பிரசவத்தில் இறந்துவிடுகிறாள். மீதிப் படம் மோகன்லாலுடையது. ஆனால் அவர் தங்கையை வளர்க்கும் ஒவ்வொரு காட்சியிலும் வீட்டில் ஒருவர் குறைகிறார் என்பது நமக்கு உறைத்துக்கொண்டே இருக்கிறது.

சொந்தக் குரலில் அவர் பாடியது கொஞ்சம்தான். 1984-ல் ‘ஒரு பைங்கிளிக்கத’யில் பாடிய பாட்டு மலையாளிகளுக்கு இன்றும் மனப்பாடம். ஏன் அதிகம் பாடவில்லை என்ற கேள்வி இந்த ஊரில் அடிக்கடி எழும். இந்த ஊரில் பெண்கள் பாடுவது பற்றிப் பேசினால், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தையும் சொல்ல வேண்டும். ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள். கைதட்டல் கிடையாது, ஆண்கள் மேலாடை இல்லாமல் உட்கார்ந்து கேட்பார்கள். கேட்பதையே விரதமாக வைத்திருக்கும் அந்த மண்டபத்தில் பெண்கள் பாடக் கூடாது என்றும் ஒரு வழக்கம் இருந்தது. தென்னாட்டுச் சபைகளெல்லாம் தலைமேல் வைத்துக் கொண்டாடிய எம்.எல்.வி.க்கும் அந்த இடம் இல்லை. 2006-ல்தான் பாறசாலை பொன்னம்மாள் முதல் பெண்ணாக அங்கே பாடினார். அந்த நவராத்திரி முடிந்து மூன்று வாரம் ஆகவில்லை. அக்டோபர் 19 அன்று இந்த நகரத்து மருத்துவமனையில் ஸ்ரீவித்யா இறந்தார். வயது ஐம்பத்து மூன்று.

மூன்று ஆண்டுகளாகப் புற்றுநோய் இருந்திருக்கிறது. அந்த நாட்களிலும் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்துக்கொண்டுதான் இருந்தார். அரசு மரியாதையோடு தகனம் நடந்தது. இசையும் நடனமும் கற்பிக்க ஒரு பள்ளி வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். அதன் பொறுப்பை நடிகரும் அரசியல்வாதியுமான கே.பி.கணேஷ்குமாரிடம் கொடுத்திருந்தார். கணேஷ்குமாரின் முதல் படம் கே.ஜி.ஜார்ஜின் ‘இரகள்’. அதில் ஸ்ரீவித்யா அவருக்கு அக்கா.

அவர் வாழ்க்கையைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சம் இல்லை. காதல், கல்யாணம், விவாகரத்து, வழக்கு எல்லாம் பத்திரிகைகளில் வந்து தீர்ந்தவை. 2008-ல் ரஞ்சித் அவற்றின் சாயலில் ‘திரக்கத’ என்று ஒரு படமே எடுத்தார், பிரியாமணி நன்றாகத்தான் நடித்திருந்தார். ஆனால் அந்தக் கதைகளின் துயரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, திரையில் அவர் செய்த ஒவ்வொன்றையும் சொந்த வாழ்க்கையின் கண்ணீராகவே பார்க்கும் பழக்கம் எனக்கு ஒத்துவருவதில்லை. ‘ரசனா’வில் அவர் செய்தது கண்ணீரால் வருவதில்லை. பயிற்சியாலும் புத்தியாலும் வருவது. ஆண் நடிகர் ஒருவர் அதைச் செய்திருந்தால் நாம் அவருடைய முறையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம், அவர் மணவாழ்க்கையைப் பற்றி அல்ல.

அவருக்குப் பின் பிறந்தவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் ‘அபூர்வ ராகங்க’ளைச் சொல்வதில்லை. ‘காதலுக்கு மரியாதை’யின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்க்கச் சொல்வேன். வீட்டாருக்காகக் காதலை விட்டுவிடுவதென்று விஜயும் ஷாலினியும் முடிவு செய்த பிறகு, இரண்டு தாய்மாரும் எதிரெதிரே இருக்கும் காட்சி. பெண்ணைக் கேட்பவர் ஸ்ரீவித்யா, கொடுப்பவர் கே.பி.ஏ.சி.லலிதா. மலையாள ‘அனியத்திப்ராவு’விலும் இதே இருவர்தான். கேட்டுவிட்டு, பதிலுக்காக ஸ்ரீவித்யா நிற்கும் அந்தச் சில நொடிகளில் அவர் முகத்தை மட்டும் பாருங்கள். லலிதா அழுதுகொண்டு சொல்வதைக் காதுக்கு விட்டுவிடுங்கள். இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. இரண்டிலும் ஒரே காட்சி, ஒரே இயக்குநர், ஒரே எதிராளி. ஸ்ரீவித்யா மட்டும் இரண்டு தடவையும் அந்தப் பதிலை முதல் முறையாகக் கேட்கிறார். அது பிடித்துப்போனால் ‘ரசனா’வுக்குப் போகலாம். பிடிக்கவில்லை என்றால் ‘பஞ்சவடிப்பாலம்’ இருக்கிறது, சிரித்துக்கொண்டே பார்க்கலாம்.